கடைசி வரிசைக்குத் தெரியும் வலை

“கொஞ்சம் தள்ளிக்கோக்கா, இந்த வலையை எடுத்துடறேன்” என்றது மைனா.

சிலந்தி நகரவில்லை. “ஏன் தம்பி? அரக்கனோட பாழடைஞ்ச மாளிகைக்கு ஏத்த இடம்னுதானே நாடகத்துக்கு இந்த மண்டபத்தைப் புடிச்சீங்க? மாளிகையில வலை இருக்காதா?”

“இருக்கும். உன்னோடது கடைசி வரிசைக்குத் தெரியலையே!”

“தெரியாம இருக்கத்தானே கட்டறேன். தெரிஞ்சா எந்தப் பூச்சி வரும்? நான் எதைத் திங்கறது?”

“நாடகம் முடியறவரைக்கும் பொறுத்துக்கோக்கா. காட்சி அமைக்கிறதுன்னா சும்மாவா?”

மைனா வலையைப் பிய்த்துப் போட்டது. தேங்காய் நாரைத் தடியாக முறுக்கி, அதே இடத்தில் ஒரு பெரிய வலையைப் பின்னிக் கட்டியது. எதிர் மரத்திலிருந்து பார்த்த காகம், “இப்பதான்யா அசல் வலை மாதிரி இருக்கு!” என்று கத்தியது.

மறுநாள் சாயங்காலம் நாடகம் தொடங்கியது. அரக்கன் வேஷத்தில் ஓணான் வருவதற்கு முன்பே வலைக்குக் கைதட்டல் கிடைத்தது. மைனா தலைகுனிந்து வணங்கியது. சிலந்தி பசியோடு தூணில் ஒண்டியிருந்தது.

நாலைந்து ஈக்கள் பறந்து வந்து நார் வலையின் மேல் வசதியாக உட்கார்ந்தன.

“இங்கேருந்து நல்லாத் தெரியுதுடா” என்றது ஒன்று.

“சும்மா இரு, அரக்கன் வரான்” என்றது இன்னொன்று.

சிலந்தி மெல்ல இறங்கி வந்து, இரண்டு நார்களுக்கு நடுவே முதல் இழையை ஒட்டியது.