தொண்ணூறு டிகிரி

தவுனோவின் கார் வெள்ளிக்கிழமையிலிருந்து மெக்கானிக் அவுலிக்கியின் பட்டறை வாசலில் பனியில் நின்றது. ஒரே கோளாறுக்காக அதை இழுவை வண்டியில் அனுப்பியது இது மூன்றாவது முறை. திங்கட்கிழமை காலை வந்த தவுனோ கார் கதவைத் திறந்து, நின்றபடியே சாவியைத் திருப்பினார்.

"மைனஸ் இருபதுல மூணு நாளா நிக்குற வண்டி. எஞ்சின் சூடு தொண்ணூறுன்னு காட்டுது. போன தடவ சென்சார மாத்தினேன்னு சொன்னது பொய்தானே?"

"யாரப் பாத்துப் பொய்ங்கிறீங்க? ஒயரையும் சேத்து மாத்தினேன்."

அவுலிக்கி அவர் கண்ணெதிரே சென்சாரின் இணைப்பைக் கழற்றினாள். மீட்டரில் மைனஸ் நாற்பது வந்தது. இணைப்பு இல்லாவிட்டால் அப்படித்தான் காட்ட வேண்டும். திரும்ப மாட்டினாள். தொண்ணூறு.

"சர்க்யூட் சரியா இருக்கு. நம்பலன்னா எஞ்சினத் தொட்டுப் பாருங்க."

தவுனோ கையுறையைக் கழற்றித் தொட்டார். சூட்டில் உள்ளங்கை சுரீரென்றது.

"நீ என் வண்டிய எடுத்து ஓட்டியிருக்கே."

"சாவி மூணு நாளா உங்க பையிலதானே இருக்கு? பனியில புதுசா சக்கரத் தடம் எங்க, காட்டுங்க. இருபது வருஷத்துல ஒருத்தரும் என்ன இப்படிக் கேட்டதில்ல."

புதுத் தடம் எதுவும் இல்லை. தவுனோ முணுமுணுத்துக்கொண்டே போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு மெல்ல எழுந்தார்.

யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல, இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.