அள்ளிய மண்

நூற்று அறுபத்தொரு புளியங்கொட்டை. அதற்குமேல் ஒன்றுகூட வீராயி மடியில் சேரவில்லை.

பத்து வௌவாலுக்கு ஒரு கொட்டை. பொழுது சாயும்போது கருப்பர் காட்டு இலுப்பை மரங்களிலிருந்து கூட்டம் கிளம்பும். கொள்ளிடத்தைத் தாண்டி வாழைத் தோட்டங்களுக்குப் போகும். தலைக்கு மேலே பத்து கடந்தால், கூடையிலிருந்து மடிக்கு ஒரு கொட்டை. அறுபத்திரண்டில் சர்க்கார் இங்கே வௌவால் காப்புக்காடு என்று பலகை நட்டதிலிருந்து ரெண்டு வருஷமாக, மாதம் ஒரு நாள் இதுதான் அவள் வேலை.

போன தையில் இருநூற்றுப் பதினாலு கொட்டை சேர்ந்தது.

காட்டுக் காவலர் ராமர் நோட்டைப் பிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டாயிரத்துக்குக் கீழ வந்துடுச்சேக்கா. இதை அப்படியே எழுதினா பலகையைப் பிடுங்கிடுவாங்க. மரமெல்லாம் விறகு ஏலத்துக்குப் போயிடும். ஒழுங்காத்தான் எண்ணினீங்களா?"

"எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னே வச்சுக்குங்க. காவல் காக்குற கண்ணு எங்க போயிருந்துச்சு, டீக்கடைக்கா?"

கையிலிருந்த வலையை அவர் காலடியில் எறிந்தாள். மத்தியானம் தெற்கு மூலையில் ரெண்டு மரத்துக்கு நடுவே கட்டியிருந்ததை அவள்தான் அறுத்துக்கொண்டு வந்தாள். புது வலை. கிழிந்த இறக்கை ஒன்று அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஒண்ணு மாட்டிக் கத்தினா நூறு காட்டை விட்டே ஓடிப்போகும். தீவாளிக்கு ஒரு ஓலை வெடி போட்டதுண்டா இந்த ஊர்ல? புள்ளைங்க அழுதாலும், அதுக பயந்துடும்னு அடக்கி வச்சோம். அப்படிப்பட்ட ஊர்ல வலை கட்டியிருக்கான் ஒரு எடுபட்ட பய."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஆடி மாதம் வரைக்கும் இப்படிப் பேச அவளால் முடியாது. நாலு வார்த்தைக்குள் இழுப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஸ்ரீரங்கத்து டாக்டரின் தண்ணி மருந்துதான் கேட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பின்னால் புருஷன் சின்னையா மண்வெட்டியோடு நின்றான். வாழைத் தோட்டத்திலிருந்து நேரே வந்தவன்.

வீராயி கருப்பர் கல்லுக்கு முன்னால் போய்க் குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளினாள்.

ராமர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். கருப்பர் பேரைச் சொல்லி அள்ளிய மண்ணைத் தூற்றியே ஆகவேண்டும். கீழே போட்டால் சாபம் அள்ளினவளையே சேரும்.

"வலை கட்டின கை விளங்காமப் போகணும். தின்ன வாய்..."

சின்னையா அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கட்டினவனைச் சொல்லு. தின்னவங்களை விட்டுடு."

"எதுக்கு விடணும்? கருப்பர் சொத்தைத் தின்னு ஏப்பம் விட்டவங்க உனக்கு என்ன மாமன் மச்சானா?"

அவன் குரல் ராமருக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது.

"காடைன்னு சொல்லித்தான் கொடுத்தது."

வீராயிக்கு முதலில் புரியவில்லை.

பிறகு அவன் கையைப் பார்த்தாள். புறங்கை முழுக்கக் கீறல். வாழைமட்டை கிழித்தது என்று சொல்லியிருந்தான்.

ஆடியிலிருந்து வாரம் ஒரு நாள் காடைச் சாறு. அவனேதான் அடுப்பில் வைப்பான். எலும்பு ஒன்றுகூட இல்லாமல், மிளகு தூக்கலாக. சூட்டோடு குடி, பேசாமக் குடி என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். இழுப்புக்கு வௌவால் கறியை விட்டால் மருந்து இல்லை என்று அவன் ஆத்தா செத்துப்போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

காடை எலும்பு நல்லா இருக்குமே, ஏன் எடுத்துட்டே என்றுகூட ஒருநாள் கேட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

சின்னையா தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டா நீ குடிச்சிருக்க மாட்டே."

ராமர் பென்சிலை நாக்கில் நனைத்தார். "யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன்."

வீராயி கையை உதறி விடுவித்துக்கொண்டாள். விரலிடுக்கில் கொஞ்சம் மண் உதிர்ந்தது. மிச்சத்தை இறுக்கினாள்.

காலியாகிக் கிடந்த தெற்கு மூலை மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கட்டின கை விளங்காமப் போகணும். தின்ன வாய் மூச்சுக்குத் தவிச்சு நிக்கணும்.

ஒரு சொல் விடவில்லை. எல்லாம் சொல்லி, மண்ணைத் தூற்றி முடிக்கும்வரை மூச்சு எங்கேயும் இடறவில்லை.