போன தடம்

சரணாலயத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டைச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பாதையின் குறுக்கே மணல் பரப்பியிருந்தார்கள். காவலர் தினமும் சாயங்காலம் அதை நிரவிவிடுவார். இரவில் கடந்த மிருகங்களின் தடத்தைப் பிள்ளைகள் காலையில் படிப்பார்கள்.

அன்று மான் தடத்தின் மேலேயே ஒரு மனிதத் தடம். வெறுங்கால். வலது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

அவளுக்கும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன், வேட்டைக் கண்ணி ஒன்றை அகற்றும்போது போனது.

"ராத்திரி உள்ள போனீங்களா மேடம்?" என்றார் காவலர்.

"நானா? வீட்டுல குறட்டை விட்டுட்டிருந்தேன். என் வீட்டுக்காரரைக் கேளுங்க, பாவம், அவர்தான் தூங்கல."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் மணலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போன தடம் இருந்து, வந்த தடம் இல்லன்னா, அது இன்னும் உள்ளதான் இருக்குன்னு சொன்னீங்களே மிஸ்?"

சொன்னது அவள்தான். இல்லையென்று எப்படிச் சொல்வது?

காவலருக்கு விதி என்றால் விதி. யார் உள்ளே, யார் வெளியே என்று காட்டும் வாசல் பலகையில் அவள் பெயர் அட்டையை 'உள்ளே' ஆணிக்கு மாற்றினார். உள்ளே ஆள் இருந்தால் வாசலைப் பூட்டக் கூடாது.

"நான் இங்கதானே நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க மேடம்." அவர் தலையைச் சொறிந்தார். "ஆனா தடம் உள்ள போயிருக்கே."

அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகளின் பஸ் போயிற்று. வெயில் தாழ்ந்தது. வாசல் திறந்தே கிடக்க, இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்துபோய், வெறுங்காலோடு வருகிறவளுக்கு ஆகுமே என்று, தன் செருப்பைக் கழற்றி மணல் ஓரத்தில் வைத்தாள்.