வழுவழுப்பான கோடு

சோதனை அறைக்குள் காலை வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. மின்சுருளுக்குள் இரும்புத் துண்டு கண்ணிமைப்பதற்குள் பழுக்கக் காய்ந்து சிவக்கிறது. இயந்திரம் வண்டுபோல் ரீங்கரிக்க, திரையில் வெப்பக் கோடு மட்டும் அவசரமே இல்லாமல் வழுவழுவென்று ஏறுகிறது. பொறியாளர் அதையே பார்க்கிறாள். அளவைக் குழப்பும் இத்தனை மின்னிரைச்சலில், இவ்வளவு சட்டென்று ஏறும் சூட்டை அளக்க மயிரிழைபோன்ற கண்ணாடி இழை சென்சார்தான் சரி என்று வாய் வலிக்கச் சொன்னவள் அவள். குனிந்து பார்த்தால், அங்கே விரல் தடிமனில் ஓர் எஃகுக் குழாய் சென்சார் செருகியிருக்கிறது. அது சூடேறி உணர்வதற்குள் இரும்பு உருகியே போகும். இந்தக் கோட்டை நம்பித்தான் நாளைக்கு யாரோ இந்த இயந்திரத்தின்முன் நிற்கப்போகிறார்கள்.

"மாத்திட்டீங்களா அண்ணா?" என்கிறாள். கூடப் பிறக்காத அண்ணன், இழைதான் வேண்டும் என்று அலுவலகக் கூட்டத்தில் அவளுக்காகப் பரிந்து பேசியவர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

"இழை வர நாளாகும்மா. மெஷினை வாங்க வந்தவங்களுக்குக் கோடு அழகா தெரிஞ்சா போதும்."

"அவங்க கேட்டா?"

"நீ தேர்ந்தெடுத்ததுன்னு சொல்லிட்டேன். உன் பேச்சுன்னா நம்புவாங்க."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வாங்க வந்தவர்கள் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். ஒருவர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். ரீங்காரம் அடங்குகிறது. எல்லோர் கண்ணெதிரிலும் இரும்பு கறுத்துக்கொண்டு வருகிறது. கோடு இன்னும் மேலேறிக்கொண்டிருக்கிறது.