ஒரே ஒலி

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் மாலை. மகளை அழைத்துப்போக வந்த வகுளா வாசலில் நின்று அவள் பெயரைச் சொன்னாள். பேசும் கதவு, பெயர் அட்டை மாட்டிய வேறொரு பிள்ளையை வெளியே அனுப்பியது.

"இவ இளவேனி. என் பொண்ணு இளவெயினி!"

"இரண்டும் ஒரே ஒலிதான். உங்கள் குழந்தையை ஒப்படைத்தாகிவிட்டது," என்றது கதவு.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மகள் அழுதுகொண்டு நின்றாள். வகுளா கதவை எட்டி உதைத்தாள். அது நன்றி சொன்னது.

வெகுநேரம் கழித்து இளவேனியின் அம்மா ஓடி வந்தாள். வெளியே நின்ற தன் மகளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. நேரே கதவிடம் போய், "இளவேனி," என்றாள். இளவெயினி வெளியே வந்தாள்.

"தினமும் இப்படியே மாத்திக்கலாம் அக்கா," என்றாள் இளவேனியின் அம்மா.

வகுளா மகளை வாரி அணைத்தபடி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப நீ லேட்டா வந்தா என் பிள்ளை உள்ளேயே கிடக்கணுமே, தாயே!"