ஈயம் சுற்றிய குழல்

ஜெனீற்றா துவக்கைத் தொடவே தகுதியில்லாதவள் என்பதில் தியாகலிங்கத்துக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

வேலணைச் சூட்டுக் கழகத்தின் தலைவர் அவர்தான். பயிற்றுநரும் அவர்தான். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற ஊரில், நாலு காற்றுத் துவக்குகளுக்கு அனுமதி வாங்கியவர். அந்த நாலும் பொலிஸ் நிலைய அலுமாரியில் கிடக்கும். அவர் கையெழுத்து வைத்தால்தான் வெளியே வரும். அந்தக் கையெழுத்தை அவர் ஒரு இராச முத்திரையாகவே நினைத்திருந்தார்.

அன்று தெரிவுப் போட்டி. தீவகத்துக்கு ஒரே ஒரு இடம். வெல்கிறவருக்குக் கொழும்பில் ஒரு வருடப் பயிற்சி, அது முடிய அரசாங்க வேலை. அந்த இடம் தன் தங்கை மகன் சசிகரனுக்குத்தான் என்று தியாகலிங்கம் எப்போதோ முடிவு செய்துவிட்டார். பயிற்சி தொடங்கிய நாளிலேயே நாலில் புதிய துவக்கை அவனுக்குக் கொடுத்திருந்தார். இரண்டு இடத்தில் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றிய கிழட்டுத் துவக்கை ஜெனீற்றாவிடம் தள்ளிவிட்டிருந்தார்.

அந்தப் பெட்டை அதற்கும் அசையவில்லை. மண்டைதீவில் கடற்றொழில் செய்யும் அம்புறோஸின் மகள். நண்டுக் கம்பனியில் ஓடு உடைக்கிற வேலை. ஞாயிறு தவறாமல் பஸ்ஸில் வந்து சுட்டாள். போன மாதப் பயிற்சியில் சசிகரனைவிட இரண்டு புள்ளிதான் குறைவு.

"கடற்காரன்ர பெட்டைக்குத் துவக்கு என்னத்துக்கு? நண்டைச் சுடவோ?" என்பார் தியாகலிங்கம். சசிகரன் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிப்பான்.

அன்று காலை துவக்குகளை எடுத்துவந்த தியாகலிங்கம், போட்டி மண்டபத்தின் பின்னறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு ஈயத்துண்டை எடுத்தார். வலையில் கட்டுகிற ஈயம். பிடிபட்டாலும் அது அம்புறோஸ் வீட்டு ஈயம் என்றுதான் ஊர் சொல்லும். அதைத் தட்டித் தகடாக்கி, கிழட்டுத் துவக்கின் குழல் நுனியில் சுற்றி, மேலே கறுப்பு ரேப் ஒட்டினார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் ரேப் உள்ள துவக்கில் மூன்றாவதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

சுடும்போது குழல் வீணைத் தந்தியைப் போல அதிரும். கண்ணுக்குத் தெரியாது. சன்னம் வெளியேறும் கணத்தில் நுனி எந்தப் பக்கம் துள்ளுகிறதோ, அந்தப் பக்கம் குறி தவறும். அந்த அதிர்வை மாற்றிவிட்டால் எந்தக் கெட்டிக்காரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. எப்போதோ ஒரு வகுப்பில் அரைத்தூக்கத்தில் கேட்ட இந்த விஷயம்தான், துவக்கைப் பற்றித் தியாகலிங்கத்துக்குத் தெரிந்த மொத்தமும்.

நடுவர் மயில்வாகனம் திருகோணமலையிலிருந்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். முதலில் பரீட்சை வெடிகளுக்கு இடம் கொடுத்தார். அவற்றுக்குப் புள்ளி இல்லை.

ஜெனீற்றாவின் முதல் நாலு வெடியும் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, வெள்ளையில் போய் விழுந்தன.

தியாகலிங்கம் கதிரையில் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டார். "நேரத்தோட வீட்டை போனால் நண்டையாவது உடைக்கலாம்," என்றார், அவளுக்குக் கேட்கும்படியாக.

ஜெனீற்றா திரும்பிப் பார்க்கவில்லை. துவக்கின் மேலிருந்த குறிகாட்டியை இரண்டு தரம் திருகினாள்.

போட்டிக்கு இருபது வெடி. சசிகரன் நூற்று எண்பத்தொன்று. ஜெனீற்றா நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

தியாகலிங்கம் எழுந்து போய்த் துவக்கைப் பார்த்தார். மூன்றாவது ரேப் அப்படியே இருந்தது. ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. இந்த வழியில் விழாதவளை மற்ற வழியில் விழுத்தலாமே!

"நடுவர் ஐயா, ஆட்சேபனை! உவள் குழலிலை என்னவோ சுத்தி வைச்சிருக்கிறாள். கள்ளம்!"

மயில்வாகனம் ரேப்பை உரித்தார். ஈயத்தகடு தெரிந்தது.

"வலை ஈயம்!" என்றார் தியாகலிங்கம். "உது ஆரின்ர வீட்டிலை இருக்கும் எண்டு நான் சொல்லவோ வேணும்?"

ஜெனீற்றாவின் முகம் வெளிறியது. "நான் வைக்கேல்லை, சேர். சத்தியமாய் எனக்குத் தெரியாது."

மயில்வாகனம் ஈயத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. உது கள்ளமில்லை. குழலிலை பாரம் வைக்க விதியிலை இடமிருக்கு. பாரம் சரியாய் அமைஞ்சால் நுனி துள்ளுறது அடங்கும். வெளிநாட்டிலை உதைக் காசு குடுத்து வாங்கிப் பூட்டுறவை."

"அதுதானோ சேர்! முதல் நாலு வெடியும் கீழை போனாலும் ஒரே ஓட்டைக்குள்ளை போச்சுது. இந்தத் துவக்கு ஒருநாளும் அப்பிடிச் சுட்டதில்லை. அதாலைதான் குறிகாட்டியை உயர்த்தினனான்."

"அப்ப ஆர் வைச்சது?" என்று கேட்டார் மயில்வாகனம்.

ஜெனீற்றா மெல்லத் தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"காலமை பொலிஸிலையிருந்து எடுத்துவந்து என்ர கையிலை தந்தது நீங்கள்தானே, சேர். வேற ஒருத்தரும் தொடேல்லை. வாயாலை ஏசி ஏசி, கையாலை இவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறியள்."

மயில்வாகனம் தியாகலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிறகு ஒருத்தரும் குறை சொல்லக்கூடாதெண்டு, ஆட்சேபனையையும் நீங்களே போட்டு எல்லாருக்கும் முன்னாலை சோதிக்க வைச்சியள்! இப்பிடி ஒரு பயிற்றுநரை நான் காணேல்லை."

தியாகலிங்கம் வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால், பிறகு எதற்காக வைத்தார் என்று சொல்ல வேண்டும். அதற்குள் மண்டபம் கைதட்டியது. அந்த ஊரில் அவருக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "ஓம், நான்தான்," என்றார்.

கைதட்டல் ஓய்ந்தபோது, தோற்றவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து சசிகரன் எழுந்து நின்றான்.

"மாமா, அப்ப என்ர துவக்குக்கு ஏன் வைக்கேல்லை?"