பச்சை மையில் இருபத்தேழு விதிகள்

கதவு மூடிக்கொண்டது.

அவர் நடைமேடையில். அவள் ரயிலுக்குள்.

கண்ணாடிக்கு அப்பால் செண்பகவல்லியின் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ரயில் அவளை இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்விட்டது.

"செண்பகம்!"

ஒரு மாவட்டத்துத் தலைமையாசிரியர்களையெல்லாம் நடுங்க வைத்த குரல். புடாபெஸ்ட்டின் பூமிக்கடியில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

முதலில் அவர் இறங்குவார். இடம் பாதுகாப்பானதா என்று நாலு பக்கமும் பார்ப்பார். அவர் தலையாட்டிய பிறகே அவள் இறங்க வேண்டும். விதி பதினாறு.

மூன்றாவது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கதவு மூடியது.

கை தானாகச் சட்டைக்குள் போனது. கழுத்தில் தொங்கும் பையில் இரண்டு பாஸ்போர்ட். இருந்தன. உள்பாக்கெட்டில் இரண்டு போன். இருந்தன. இடுப்புப் பையில் பணம், ஓட்டல் முகவரி, அவளுடைய மூக்குக்கண்ணாடி. இருந்தன.

எல்லாம் பத்திரமாக இருந்தன.

அவளிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தார்.

ஒரு கைக்குட்டை.

ஓய்வுபெற்ற மாவட்டக் கல்வி அலுவலர் அவர். சுற்றறிக்கை எழுதி ஆறு வருடமாகிக் கை நமநமத்துக் கிடந்தது. திருச்சியிலிருந்து கிளம்பும் முன் எழுதித் தீர்த்துவிட்டார். வெளிநாட்டுப் பயணப் பாதுகாப்பு, இருபத்தேழு விதிகள். பெறுநர்: மனைவி. அடியில் பச்சை மையில் கையொப்பம். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் அதைப் போட்டதற்குப் பதினெட்டுப் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

விதி நான்கு: அந்நியர் எவரிடமும் பேசலாகாது.

விதி ஒன்பது: போலீஸ் என்று சொல்லி வருபவர் போலீஸ் அல்ல.

விதி பதினொன்று: உதவ வருபவனே திருடன்.

பிரிந்து போனால் என்ன செய்வது என்று விதி இல்லை. அவர் கூட இருக்கும்போது அவள் எப்படிப் பிரிவாள்?

அடுத்த ரயில் வந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார். அவள் திரும்பி இங்கேயே வந்துவிட்டால்? காலை எடுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த ரயில். மறுபடியும் ஒரு கால்.

சுவரில் நிலையத்தின் பெயர். எழுத்துக்கு எழுத்து தலையில் கோடும் புள்ளியும். கண்ணாடி இருந்தாலே அவளால் வாசிக்க முடியாது.

முப்பத்தாறு வருடத்தில் அவர் சொன்ன ஒன்றையும் அவள் மீறியதில்லை. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் அவர் சொல்லிப் பூரித்த விஷயம். இப்போது அதுவே வினையாகிவிட்டது.

யாரிடமும் பேசமாட்டாள். கடைசி நிலையம் வரை போவாள். போலீஸ்காரன் கை நீட்டினால் ஓடுவாள். படியேறி, தெரியாத தெருவில், வாகனங்கள் வலப்பக்கம் போகிற ஊரில்...

யாரோ தோளைத் தொட்டார்கள்.

தடித்த ஆள். நரைத்த தாடி. கழுத்தில் பாம்பைப் பச்சை குத்தியிருந்தான். ஏதோ கேட்டான். குரல் தணிவாகத்தான் இருந்தது.

அவர் இடுப்புப் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

அந்த ஆள் இரு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துபோனான்.

இதே மாதிரி ஒருத்தன் அங்கே அவளிடமும் கேட்டிருப்பான். அவளும் இதே மாதிரிதான் சுவரோடு ஒட்டியிருப்பாள்.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சமயபுரத்தாளே, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அவ என் பேச்சக் கேக்கக் கூடாது."

மூன்றாவது ரயில் வந்தது. போனது. நான்காவதும்.

ஒலிபெருக்கி கரகரத்தது. புரியாத பாஷையில் ஒரு பெண் என்னமோ சொன்னாள். நிறுத்தினாள். பிறகு ஒரு இருமல்.

அந்த இருமலை அவருக்குத் தெரியும்.

"ஏங்க..."

நடைமேடையே அண்ணாந்து பார்த்தது.

"ஏங்க, நாந்தான். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிட்டேன். இங்க போலீஸ்காரங்க ரூம்ல உக்காந்திருக்கேன். நல்ல மனுசங்களா இருக்காங்க, டீயெல்லாம் குடுத்தாங்க. நீங்க அங்கயே நில்லுங்க. பதறிப்போயி எதுலயாவது ஏறிகீறி வச்சிடாதீங்க, அப்புறம் உங்கள எங்க போயித் தேடுறது? நானே வந்து கூட்டிக்கிறேன்."

ஒலிபெருக்கியில் அவள் பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. அவளும் சிரித்த மாதிரி இருந்தது.

"பயப்படாதீங்க."

ஒலிபெருக்கி அடங்கியது.

யாருக்கான அறிவிப்பு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தோளைக் குலுக்கிவிட்டு அவரவர் போனுக்குத் திரும்பினார்கள். பாம்புக் கழுத்துக்காரன் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். இடுப்புப் பையிலிருந்து அவளுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு, மேலே அந்த ஒலிபெருக்கியைப் பார்த்து, மிகவும் மெல்லச் சொன்னார்.

"சரிங்க."